முகப்பில் வைத்த படம் சிக்னல் இல்லாதபோது திறக்குமா?

இடம்பெயர்ந்து இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்களோடும், திரும்பியும் தற்காலிகக் கொட்டில்களிலேயே காலங்கழிக்கும் குடும்பங்களோடும் நாம் மாதந்தோறும் நடத்தும் சந்திப்பொன்றில், பயறு விதைப்பும் சேமிப்புக் குழுவின் கணக்கும் பேசி முடிந்தபின் ஒரு தாயார் தமது கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினார்.

"சிஸ்டர், மகன் கொழும்புக்குப் போகமுன்னம், மழைச் செய்தி பாருங்கோ அம்மா எண்டு இதில ஒரு படம் போட்டு விட்டவன். இஞ்ச மண்டபத்தில நிண்டு தட்டினா வருது. வயலில நிண்டு தட்டினா ஒரு ஓணான்தான் வருது. இந்தப் படம் என்ரை ஃபோனுக்குள்ள இருக்குதோ, இல்லையோ?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி சிரிப்புக்குரியதன்று. ஓணான் என்று அவர் சொன்னது, இணையத் தொடர்பு இல்லாத வேளையில் குரோம் உலாவி காட்டுகின்ற ஒரு சிறிய டைனோசரின் படம். படம் தொலைபேசியின் முகப்பில் இருக்கிறது. படத்தின் பின்னால் இருக்கவேண்டிய பொருள் தொலைபேசியில் இல்லை. இது ஏன் இப்படி என்பதையும், இதை எப்படிச் சோதித்து அறிவது என்பதையும் இவ்விதழில் சற்று விரிவாக எழுதுகின்றோம். எமது வாசகர்களில் அநேகரிடம் இன்று ஏதோவொரு ஸ்மார்ட் தொலைபேசி இருக்கிறது. அதிலும் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒன்று, அதுவும் உறவினர் எவராவது பாவித்துவிட்டுக் கொடுத்தது. சேமிப்பிடம் குறைந்தது. புதிதாக ஒன்றை ஏற்றப் போனால் 'இடம் போதாது' என்று சொல்வது. அப்படிப்பட்ட தொலைபேசிக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு.

இரண்டு வழிகள்

தொலைபேசியில் நாம் ஒரு சேவையைப் பெறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பிளே ஸ்டோர் அல்லது அப் ஸ்டோர் என்னும் கடையிலிருந்து ஒரு செயலியை, அதாவது எல்லோரும் 'அப்' என்று சொல்வதை, இறக்கி வைப்பது. இதற்குப் பெரும்பாலும் மின்னஞ்சல் கணக்கு வேண்டும், பல மெகாபைட் டேட்டா செலவாகும், சேமிப்பிடமும் வேண்டும். அடிக்கடி புதுப்பிக்கவும் வேண்டும். மற்றையது, உலாவியைத் திறந்து இணையத்தளத்தின் முகவரியை எழுதிப் போய்ப் பார்ப்பது. இதற்கு இடம் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறையும் முகவரியை எழுத வேண்டும், சிக்னலும் வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வந்தது. இணையத்தளத்தையே செயலிபோலத் தொலைபேசியில் பதித்து வைப்பது. அதற்கென்று முகப்பில் ஒரு படம் இருக்கும். தட்டினால் உலாவியின் முகவரிப் பட்டை இல்லாமல் முழுத்திரையில் தனிச் செயலியாகத் திறக்கும். சரியாகச் செய்யப்பட்ட தளமாயின் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும். கடைக்குப் போக வேண்டியதில்லை, கணக்கும் வேண்டியதில்லை.

இடம் எவ்வளவு மிச்சமாகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2017 ஏப்ரலில் டுவிட்டர் நிறுவனம் (2023 முதல் அதன் பெயர் எக்ஸ்) இவ்வகையில் 'டுவிட்டர் லைட்' என்ற ஒன்றை வெளியிட்டது. அதன் அன்ட்ரொயிட் செயலி 20 மெகாபைட்டுக்கு மேற்பட்டதாயிருக்க, இது 1 மெகாபைட்டிலும் குறைந்த இடத்தையே எடுத்தது. ரீலோட் போடுவதற்குக் காசு பார்த்து வைக்கின்ற வீட்டுக்கு இந்த வித்தியாசம் சிறிதன்று.

எங்கிருந்து வந்தது

இந்த எண்ணம் புதியதன்று. 2007 ஜூனில் முதலாவது ஐபோன் விற்பனைக்கு வரும் வேளையில், அப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ், வெளியார் எவரும் இந்தத் தொலைபேசிக்குச் செயலி செய்ய விரும்பினால் இணையப் பக்கங்களாகவே செய்யட்டும் என்ற கருத்தையே முன்வைத்தார். மென்பொருள் செய்வோர் இதனால் திருப்தியடையவில்லை. அடுத்த ஆண்டு, 2008 ஜூலையில், அப்பிள் தனது செயலிக் கடையைத் திறந்தது. அன்று அதில் ஏறக்குறைய 500 செயலிகள் இருந்தன. கடை வந்ததும் தரகும் வந்தது. அன்று அங்கு விற்கப்பட்ட செயலியின் விலையில் 30 சதவீதம் கடைக்காரருக்குப் போனது. சந்தையில் தரகுக்காரரிடம் மரக்கறி கொடுத்துப் பழகிய எமது வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மொஸில்லா என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, முழுத் தொலைபேசியையுமே இணையப் பக்கங்களால் இயக்கலாம் என்று முயன்றது. 'ஃபயர்பொக்ஸ் ஓ.எஸ்.' என்ற அந்தத் தொலைபேசிகள் 2013இல் வெளிவந்தன. 2014இல் இந்தியாவில் ஒன்று 1,999 இந்திய ரூபாவுக்கே விற்கப்பட்டது. ஏழைகளின் தொலைபேசி என்று பலர் நம்பினார்கள். ஆனால் அது நிலைக்கவில்லை. 2016இல் மொஸில்லா அந்த முயற்சியைக் கைவிட்டது.

2015இல்தான் இந்த வழிக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஃபிரான்சிஸ் பெரிமன் என்ற வடிவமைப்பாளரும் அலெக்ஸ் ரசல் என்ற பொறியியலாளரும் 'புரோகிரசிவ் வெப் அப்' என்று அதை அழைத்தார்கள். படிப்படியாக வளரும் இணையச் செயலி என்று பொருள் கொள்ளலாம். முதலில் வெறும் பக்கமாக வந்து, பாவிப்பவர் விரும்பினால் செயலியாக ஊன்றிக்கொள்வது. அதே ஆண்டில் அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் குரோம் உலாவி, ஒரு தளத்தை முகப்பில் சேர்க்கும்படி தானாகவே கேட்கத் தொடங்கியது. ஐபோனில் சிக்னல் இல்லாமலும் இத்தகைய செயலிகள் இயங்கும் வசதி 2018 மார்ச்சில் வந்தது.

பெரிய நிறுவனங்களின் தயவில்தான் இந்த வசதியும் இருக்கிறது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். 2024 பெப்ரவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம் ஒன்றைக் காரணங்காட்டி, அந்நாடுகளிலுள்ள ஐபோன்களில் இந்த வசதியை நீக்கப்போவதாக அப்பிள் அறிவித்தது. பலரும் எதிர்த்துக் குரல் கொடுத்தபின் மார்ச் 1ஆம் திகதி அந்த முடிவை மாற்றிக்கொண்டது.

கொம்பறையும் சங்கக்கடையும்

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். ஓணான் ஏன் வருகிறது?

அறுவடை முடிந்து நெல்லைக் கொம்பறையில் போட்டு வைத்திருக்கும் வீட்டுக்காரர், வெள்ளம் வந்து பாதை அறுந்தாலும் சில வாரங்கள் சமாளிப்பார். கொம்பறை இல்லாத வீட்டார் அன்றன்றைக்குச் சங்கக்கடைக்குப் போக வேண்டும். பாதை அறுந்தால் அன்று உலை வைக்க முடியாது. இணையத்தளங்களும் இப்படி இரண்டு வகை. சாதாரண தளம் ஒவ்வொரு தடவையும் தூரத்திலுள்ள கணினியிடமிருந்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கியே காட்டும். கொம்பறை உள்ள தளமோ, முதல் தடவை திறந்தபோதே தனக்கு வேண்டிய பக்கங்களையும் படங்களையும் தொலைபேசிக்குள் ஓரிடத்தில் சேர்த்து வைத்துவிடும். அந்தக் கொம்பறைக்குப் பொறுப்பாக ஒரு சிறிய நிரல் இருக்கும். அதற்கு 'சேர்விஸ் வேர்க்கர்' என்று பெயர். நீங்கள் படத்தைத் தட்டியதும், சிக்னல் உண்டா என்று பார்த்து, இருந்தால் புதியதைக் கொண்டு வரும்; இல்லாவிட்டால் கொம்பறையிலிருந்து அள்ளித் தரும். இதை எழுதி வைக்க வேண்டியவர் அந்தத் தளத்தைச் செய்தவர். அவர் எழுதாமல் விட்டால் நாம் முகப்பில் எத்தனை படம் போட்டாலும் கொம்பறை வராது.

இதோடு 'மனிஃபெஸ்ட்' என்ற ஒரு சிறு விபரப் பத்திரமும் தளத்தில் இருக்கும். செயலியின் பெயர் என்ன, படம் எது, தனித்திரையில் திறக்க வேண்டுமா என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். தளம் பாதுகாப்பான இணைப்பிலும் இருக்கவேண்டும்; அதாவது முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்க வேண்டும்.

மகன் போட்டு விட்டது குறுக்குவழி மாத்திரமே. அது அவருடைய பிழையல்ல. அந்தப் பக்கத்துக்குக் கொம்பறை கட்டப்பட்டிருக்கவில்லை. குறுக்குவழியிலும் பயன் உண்டு. முகவரியை எழுத வேண்டியதில்லை. ஆனால் வயலில் நின்று நம்பியிருக்க முடியாது.

பதித்து வைக்கும் முறை

அன்ட்ரொயிட் தொலைபேசியில், குரோம் உலாவியில் அந்தத் தளத்தைத் திறவுங்கள். வலப்பக்க மூலையில் மூன்று புள்ளிகள் தெரியும். அதைத் தட்டினால் வரும் பட்டியலில் 'முகப்புத் திரையில் சேர்' என்றோ, ஆங்கிலத்தில் 'அட் டு ஹோம் ஸ்கிரீன்' என்றோ இருக்கும். அதைத் தட்டியபின் 'இன்ஸ்டோல்' என்று கேட்டால் செயலியாகப் பதியும். 'ஷோர்ட்கட்' என்று மட்டும் வந்தால் குறுக்குவழிதான் கிடைக்கும். மறைநிலை உலாவலில் நின்றுகொண்டு பதிக்க முடியாது.

ஐபோனில் சபாரி உலாவியைத் திறந்து, ஒரு சதுரத்திலிருந்து அம்புக்குறி மேலே போவதுபோல இருக்கும் பொத்தானைத் தட்டி, பட்டியலில் கீழே இறங்கி, அதே 'அட் டு ஹோம் ஸ்கிரீன்' என்பதைத் தெரிவு செய்யவேண்டும். ஐபோன் தானாகக் கேட்காது. அதனால்தான் ஐபோன் வைத்திருக்கும் அநேகருக்கு இப்படியொரு வசதி இருப்பதே தெரியாது. 2023 மார்ச்சில் வந்த 16.4 பதிப்பிலிருந்து, இவ்வாறு முகப்பில் வைத்த செயலிகள் ஐபோனிலும் அறிவித்தல்களை அனுப்பலாம்.

பதித்ததை நீக்குவதும் எளிது. படத்தை விரலால் அழுத்திப் பிடித்து, மற்றச் செயலிகளை நீக்குவதுபோலவே நீக்கலாம்.

விமானச் சோதனை

சோதித்துப் பார்ப்பதற்கு நாம் மண்டபத்தில் செய்து காட்டிய முறையை இங்கே எழுதுகின்றோம். சிக்னல் உள்ள இடத்தில் நின்று தளத்தை ஒருமுறை திறந்து, உங்களுக்குத் தேவையான பக்கங்களைப் பாருங்கள். பின்னர் மூடுங்கள். தொலைபேசியை விமான நிலையில் போடுங்கள். விமானப் படம் போட்ட பொத்தான் அது. வைஃபையும் நின்றிருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சில தொலைபேசிகளில் விமான நிலையிலும் அது நிற்காது. இப்போது முகப்பிலுள்ள படத்தைத் தட்டுங்கள்.

ஓணான் வந்தால் அது குறுக்குவழி. செயலி திறந்து உள்ளே ஒன்றுமில்லாமல் 'தொடர்பு இல்லை' என்று சொன்னால், வீடு இருக்கிறது, கொம்பறையில் நெல் இல்லை. கடைசியாகப் பார்த்த விபரம் அப்படியே வந்தால் அது வயலுக்குக் கொண்டுபோகத்தக்கது.

இந்த மூன்றாவது நிலையில்தான் மிகக் கவனமாயிருக்க வேண்டும் என்று நாம் கருதுகின்றோம். கொம்பறை தருவது பழைய நெல். சிக்னல் இல்லாதபோது செயலி காட்டும் வானிலை அறிவிப்பு நேற்றையதாக இருக்கலாம், மூன்று நாட்களுக்கு முந்தியதாகவும் இருக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அப்படியான ஒரு வேளையில், தொடர்பு அறுவதற்கு முன் வந்த அறிவிப்பைப் பார்த்து 'எங்கட பக்கம் பெரிய மழை இல்லையாம்' என்று ஒருவர் குளத்துக்குக் கீழே இருந்துவிட்டால் என்னவாகும்? ஆகவே திரையில் திகதியும் நேரமும் எங்கே போடப்பட்டிருக்கின்றன என்பதை முதலில் தேடிக் கண்டுபிடியுங்கள். திகதி போடாத பக்கத்தை விலை பார்க்கவும் நம்பவேண்டாம், மழை பார்க்கவும் நம்பவேண்டாம். மரக்கறி விலையும் அப்படியே. நேற்றைய விலையைச் சொல்லி இன்றைக்குப் பேரம் பேசினால் தரகுக்காரர்தான் சிரிப்பார்.

இணையமே இல்லாமல் கிடைக்கும் உதவியையும் மறக்கக் கூடாது. விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கத்துக்கும், அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கும் எந்தத் தொலைபேசியிலிருந்தும் பேசலாம். பொத்தான் தொலைபேசி வைத்திருக்கும் பெரியவர்கள் இதைவிட வேறொன்றும் வேண்டாமென்று சொன்னால் நாம் மறுத்துப் பேசப்போவதில்லை.

எழுதியது எங்கே இருக்கிறது

இடம்பெயர்வின்போது நாம் கையில் எடுத்துச் சென்றவை எவை? ஓர் உரப்பையில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கைகள். அந்தப் பை தவறியதனால் பின்னர் பல ஆண்டுகள் அலுவலகப் படிகளில் ஏறியிறங்கியவர்கள் எமது வாசகர்களிடையே பலர் உண்டு. இன்று அந்தப் பையில் இருந்தவற்றிற் பாதி தொலைபேசிக்குள் போய்விட்டது. ஆகவே இந்த வகைச் செயலியில் நாம் எழுதுவது எங்கே தங்குகிறது என்று கேட்பது அவசியம்.

சில செயலிகள் நாம் எழுதுவதைத் தூரத்துக் கணினிக்கு அனுப்பிவிடும். தொலைபேசி தொலைந்தாலும் வேறு தொலைபேசியில் எமது பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துப் பெறலாம். வேறு சில, எழுதியதைத் தொலைபேசியிலுள்ள உலாவியின் கொம்பறையிலேயே வைத்திருக்கும். தொலைபேசி போனால் அதுவும் போய்விடும். அன்ட்ரொயிட்டில் 'இடம் போதாது' என்ற செய்தியைக் கண்டு, குரோம் உலாவியின் தளத் தரவுகளைப் பிள்ளைகள் எவராவது அழித்துவிட்டால், அந்தச் செயலியில் எழுதிய கணக்கும் அதோடு அழியும். சேமிப்பிடம் மிகவும் நெருக்கடியானால், நெடுநாள் தொடாத தளங்களின் சேமிப்பை உலாவி தானாகவே நீக்கவும் கூடும். ஐபோனில் 2020 முதல் சபாரி இன்னொன்றையும் செய்கிறது. உலாவியைப் பாவித்த 7 நாட்களுக்குள் ஒரு தளத்தைத் தொடாதிருந்தால், அத்தளம் தொலைபேசியில் எழுதி வைத்ததை அழித்துவிடும். முகப்பில் சேர்த்து வைத்த செயலிகளுக்கு இந்த விதி இல்லை. எனவே ஐபோன்காரர்கள், எழுதி வைக்க வேண்டிய தளமாயின், முகப்பில் சேர்த்து வைப்பதே நல்லது. சேர்த்தபின் படத்தை நீக்கினால் எழுதியதும் போகும்.

எமது சேமிப்புக் குழுவொன்றின் செயலாளராக இருக்கும் இளம்பெண்ணுக்கு இது நடந்தது. குழுவின் கடன் கணக்கை இப்படியொரு பக்கத்தில் மூன்று மாதம் எழுதி வந்தார். தொலைபேசி மெதுவாக இயங்குகிறது என்று தம்பி 'கிளீன்' பண்ணிக் கொடுத்தான். அடுத்த கூட்டத்தில் திறந்தபோது வெறுந்திரை. நல்லவேளை, பழைய பழக்கத்தில் சிட்டைக் கொப்பியிலும் எழுதி வைத்திருந்தார். கொப்பியை விட்டுவிடுங்கள் என்று முன்னர் அவருக்குச் சொன்னவர்கள் நாமே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

இதே விடயம் இன்னொரு விதத்திலும் எமது குடும்பங்களைத் தொடுகிறது. நிவாரண அமைப்புகளின் உத்தியோகத்தர்கள் இப்போது கடதாசிப் படிவத்துக்குப் பதிலாக டப்லெட்டில் விபரம் பதிகிறார்கள். உலகின் பல நாடுகளில் இடம்பெயர்ந்தோரின் விபரங்களைத் திரட்டப் பாவிக்கப்படுவது 'கோபோ டூல்பொக்ஸ்' என்ற முறை. அதன் இணையப் படிவங்கள் 'என்கீட்டோ' என்பதனால் இயங்குகின்றன. இதுவும் நாம் சொல்லிவரும் வகையைச் சேர்ந்ததே. சிக்னல் இல்லாத கிராமத்தில் படிவத்தை உலாவியில் திறந்து நிரப்பலாம். நிரப்பியது டப்லெட்டின் கொம்பறையில் காத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் போய்ச் சேரும். அதுவரை யாராவது உலாவியின் தரவை அழித்தால் அந்தக் குடும்பத்தின் பதிவு இல்லாமற் போய்விடும். அனுப்பப்படாமல் எத்தனை படிவங்கள் காத்திருக்கின்றன என்று அதன் திரையில் ஓர் எண் காட்டும்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வந்து விபரம் பதிந்தவரிடம், "தம்பி, எங்கட பதிவு போய்ச் சேர்ந்திட்டுதோ, இன்னும் உதுக்குள்ளயோ இருக்குது?" என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம். மரியாதையோடு கேட்கும் கேள்விக்குக் கோபிக்கும் உத்தியோகத்தர் குறைவு. அவருடைய பெயரையும் வந்த திகதியையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்று பின்னர் சொல்லப்படுமாயின் கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

ஒரே முகம், வேறு ஆள்

செயலிக் கடையில் இல்லாமல் நேராகப் பதிக்கலாம் என்பதில் ஒரு நன்மையும் உண்டு, ஒரு பெரிய ஆபத்தும் உண்டு.

நன்மை இது. இவ்வகை இணையச் செயலிக்குத் தொலைபேசியின் உட்புறத்தில் பிடி குறைவு. இருப்பிடம், கமரா, அறிவித்தல் ஆகியவற்றை உங்களைக் கேட்டே பெறவேண்டும். உங்கள் தொடர்பிலக்கங்களின் முழுப் பட்டியலையோ குறுஞ்செய்திகளையோ தானாக வாசிக்க முடியாது. அவசரக் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகள் சில, இந்தியாவிலும் கென்யாவிலும் கடன் பெற்றவரின் தொடர்பிலக்கங்களை எடுத்து, உறவினருக்கெல்லாம் அழைப்பெடுத்து அவமானப்படுத்தியதை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 2023 மே மாத இறுதியிலிருந்து, தனிநபர் கடன் செயலிகள் தொடர்பிலக்கங்களையும் படங்களையும் எடுப்பதைக் கூகிள் தனது கடையில் தடைசெய்தது.

ஆபத்து இது. 2024 ஓகஸ்டில் ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த 'ஈசெற்' என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு மோசடியை வெளிப்படுத்தியது. செக் குடியரசில் வங்கி வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசி அழைப்பும் குறுஞ்செய்தியும் சமூக ஊடக விளம்பரமும் வந்தன. 'உங்கள் வங்கிச் செயலி பழையதாகிவிட்டது, புதுப்பியுங்கள்' என்பது செய்தி. இணைப்பைத் தட்டினால் செயலிக் கடை போன்ற ஒரு பக்கம். அங்கே பதித்தால் முகப்பில் வங்கியின் படமே வந்து உட்கார்ந்தது. திறந்தால் வங்கியின் பக்கம் போலவே இருந்தது. அதில் எழுதிய கடவுச்சொல் கள்வர்களிடம் போனது. ஹங்கேரியிலும் ஜோர்ஜியாவிலும் உள்ள வங்கிகளின் பெயரிலும் இது நடந்தது. கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலியைப் பதிக்கும்போது அன்ட்ரொயிட் வழக்கமாகத் தரும் எச்சரிக்கை, இந்த முறையில் வரவில்லை. ஐபோனும் தப்பவில்லை.

இதற்குக் காரணம் நாம் முன்னர் நன்மையாகச் சொன்ன அதே விடயம்தான். தனிச் செயலியாகத் திறக்கும்போது முகவரிப் பட்டை தெரியாது. படமும் பெயரும் யார் வேண்டுமானாலும் போடலாம். முகவரி மாத்திரமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதனால் முகவரியைப் பதிப்பதற்கு முன்பே, உலாவியில் நிற்கும்போதே வாசிக்க வேண்டும். வாசிக்கும் முறை இது. 'எச்.டி.டி.பி.எஸ்.' என்பதற்கு அடுத்து இரண்டு சாய்கோடுகள் இருக்கும். அதற்குப் பிறகு வரும் முதலாவது தனிச் சாய்கோடு வரைக்கும் பாருங்கள். அந்தப் பகுதியின் கடைசி எழுத்துகள்தான் முக்கியம். இலங்கை அரசாங்கத்தின் தளமாயின் அது 'ஜி.ஓ.வி.' என்றும் புள்ளியிட்டு 'எல்.கே.' என்றும் முடியும். 'ஜி.ஓ.வி.' நடுவில் எங்கோ இருந்து, கடைசியில் வேறு பெயர் இருந்தால் அது அரசாங்கத்தின் தளமல்ல.

வங்கியாயின், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பிலிருந்து ஒருபோதும் பதிக்க வேண்டாம். கிளைக்குப் போகும் நாளில் முகவரியைக் கேட்டு, சேமிப்புப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக்கொண்டு வாருங்கள். இழப்பீடு, வீட்டுத்திட்டம், உலர் உணவு என்று சொல்லிக்கொண்டு வட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளும் அப்படியே. இடம்பெயர்ந்தவர்களுக்கு ஏதோ தரப்போகிறார்கள் என்ற செய்தி, கள்வருக்கும் வசதியான செய்தி. கிராம அலுவலரிடம் ஒரு தடவை கேட்டபின் தட்டினாலும் நிவாரணம் ஓடிப்போகாது.

அந்தத் தாயாரின் தொலைபேசி

அவருடைய தொலைபேசியில் மகன் போட்ட படத்தை நாம் நீக்கவில்லை. மண்டபத்துக்கு வரும் நாட்களில் அது உதவுகிறது. ஒவ்வொரு நாளும் காலையில் பள்ளிக்கூட மகள் சிக்னல் உள்ள சந்தியில் நின்று வானிலைப் பக்கத்தைத் திறந்து, திகதி தெரியும்படி திரையைப் படம்பிடித்துக்கொண்டு வருவாள் என்று ஏற்பாடு செய்தார்கள். இது தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்குக் கேலியாகத் தோன்றலாம். ஆனால் கொம்பறை கட்டாத தளத்துக்குக் கையால் கட்டிய கொம்பறை அது. வயலில் நின்று திறக்கிறது, திகதியும் இருக்கிறது.

அடுத்த சந்திப்பில் வெங்காயச் செய்கை பற்றிப் பேசிய பின்னர், கொண்டுவரும் தொலைபேசிகள் ஒவ்வொன்றிலும் விமானச் சோதனை செய்து பார்ப்போம். வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள். மண்டபத்தில் இரண்டு பிளக்குகள்தான் உள்ளன, அவற்றில் ஒன்று ஒலிபெருக்கிக்கு.